முதுமையில் வலுப்பயிற்சி: தூண்டுவது எது?

தசைகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, ‘பயன்படுத்தினால் வலுவாகும், பயன்படுத்தாவிட்டால் நலியும்’ என்று சொல்கிறோம். இது முதியவர்களுக்கும் பொருந்துமா? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் மரியா ஃபியாட்டரோன் குழுவினர், 90 வயதை ஒட்டிய 10 முதியோருக்கு 8 வாரங்கள் கால் தசைகளுக்கான எடைப்பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்த 9 பேரின் தசைவலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்ததாக அவர்களின் 1990ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. 65 வயதைக் கடந்தோரும் வாரத்தில் 2 நாட்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை.

முடியும் என்பது உறுதி. ஆனாலும் நம் வீட்டுப் பெரியவர்கள், “தினமும் நடக்கிறேனே, போதாதா?” என்கிறார்கள். நடை நல்லதுதான். ஆனால் தரையிலிருந்து எழவும், பேருந்துப் படி ஏறவும், குடத்தைத் தூக்கவும் தேவையான வலு நடையினால் மட்டும் வந்துவிடாது.

என் அம்மாவுக்கு வயது 71. ‘சர்க்கரை குறையும், எலும்பு உறுதியாகும்’ என்று மருத்துவர் பலமுறை சொல்லியும் அவர் அசையவில்லை. ஒருநாள் கோயில் அன்னதானப் பந்தியில் சாப்பிட்டு எழும்போது, பக்கத்தில் இருந்தவர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. “யார் கையையும் பிடிக்காம எந்திரிக்கணும்” என்று அன்றே சொன்னார். இயன்முறை மருத்துவரிடம் கேட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைத் தொடங்கினார். முதல் நாள் 4 முறை. எண்ணிக்கையைத் தினசரி நாட்காட்டித் தாளில் குறித்துவைத்தார். அது 10ஐத் தொட்டபோது, எதிர்வீட்டு அத்தையும் சேர்ந்துகொண்டார். இப்போது ஒருவர் சோம்பினால் மற்றவர் விடுவதில்லை.

இதில் வேலை செய்தவை மூன்று: அவரே தேர்ந்த இலக்கு, கண்ணுக்குத் தெரிந்த முன்னேற்றம், துணைக்கு ஒருவர். உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் தம் ஊக்கக் கோட்பாட்டில் மனிதரின் அடிப்படைத் தேவைகளாகச் சொல்பவையும் தன்விருப்பம், திறனுணர்வு, உறவு என்ற இம்மூன்றே. நோயைப் பற்றிய பயம் சிலரைத் தொடங்க வைக்கலாம். பயத்தை மட்டும் நம்பி நெடுநாள் தொடர்வது கடினம். தேர்வு பயத்தில் படிக்கும் மாணவரிடம் நாம் காண்பதும் இதுதானே?

இதை மாணவர்கள் வழியாக வீடுகளுக்குக் கொண்டு செல்லலாம். “நீங்களே செய்துகொள்ள ஆசைப்படும் வேலை எது?” என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், கேள்வி போதும். அடுத்து, கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கலாம். 15 விநாடிகளைத் தாண்டினால் வலுக்குறைவு இருக்கலாம் என்பது மருத்துவர்கள் கையாளும் அளவுகோல்.

நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட வேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் நிற்க வேண்டும். எழும்போது மூச்சை அடக்கக் கூடாது. இதயநோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், கடும் மூட்டுவலி உள்ளவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

தசை நிறை குறைவது முதுமையில் திடீரென்று தொடங்குவதல்ல; நடுவயதுக்கு முன்பே மெல்லத் தொடங்கிவிடுகிறது. வகுப்பறையில் நாள் முழுதும் நிற்பது வலுப்பயிற்சி ஆகாது. நாற்பதுகளில் இருக்கும் நானும் இப்போது அம்மாவுடன் சேர்ந்து எண்ணுகிறேன். ஓய்வுபெற்ற பிறகு யார் உதவியும் இல்லாமல் எதையெல்லாம் செய்ய விரும்புகிறோம் என்று நாமும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம்.