பருத்த உடலும் ஆயத்த உடையும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த ஆடைப் பாதி கடைகளில் கிடைக்கப் பெறாதவர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் படும் தொல்லையையும் அதன் காரணத்தையும் சங்க அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னாட்களில் இத்தொல்லை பெரிதாக இருந்ததில்லை. புடவைக்கும் வேட்டிக்கும் அளவு பார்ப்பதில்லை. உடுத்துவோர் உடலுக்கேற்ப அவை இசைந்துகொடுக்கும். ரவிக்கையையும் சட்டையையும் தையற்காரர் அளவெடுத்துத் தைத்துத் தந்தார். இன்றோ கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் நம் பெண்கள் சுடிதார், குர்த்தா, கால்சட்டை ஆகியவற்றை அணிகின்றனர். அவற்றுட் பெரும்பாலானவை ஆயத்தமாகத் தைத்து விற்கப்படுபவையே.

சென்ற தீபாவளிக்கு முன் என் தமக்கையாருடன் சிகந்தராபாத்தில் ஒரு துணிக்கடைக்குச் சென்றிருந்தேன். "அம்மா, உங்கள் அளவு எங்கள் கடையிலேயே கிடையாது" என்று விற்பனையாள் பலர் கேட்க உரத்துக் கூறினான். தமக்கையார் மறுமொழி ஏதும் சொல்லாமல் படியிறங்கிவிட்டார். திருமுல்கேரி வந்து சேரும் வரை அவர் பேசவில்லை. கையிற் பணமிருந்தும், விலை கேட்கும் தகுதிகூட மறுக்கப்பட்டது போன்ற ஓர் உணர்ச்சி அவருக்கு.

இத்தகையோர் சிலரே என்று எண்ண வேண்டா. 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களுள் உயரத்துக்கு மிஞ்சிய எடையுடையோர் தமிழ்நாட்டில் 100-க்கு 40 பேர். தெலங்கானாவில் 30 பேர். ஆடவருள் முறையே 37 பேரும் 32 பேரும் ஆவர். இத்தனை பேர் இருந்தும் வணிகர் ஏன் கவனிப்பதில்லை?

காரணங்கள் இரண்டு. முதலாவது, முதலீடு. நடுத்தர அளவுகள் விரைவில் விற்றுப்போம். மிகப் பெரிய அளவுகள் அலமாரியில் தங்கிப் பணத்தை முடக்கும் என்ற அச்சம். இரண்டாவது, வெட்டும் முறை. இடுப்பு பெருக்கும் அளவுக்குத் தோள் பெருப்பதில்லை. சிறிய உடையின் எல்லாப் பக்கங்களையும் ஒரே வீதத்தில் கூட்டினால் தோள் வழியும், கக்கம் பிடிக்கும். ஆகவே பெரிய அளவுக்கெனத் தனி வெட்டு வேண்டும், துணியும் கூடுதலாகும். விலை 2,500 ரூபாயைத் தாண்டினால், 2025 செப்டம்பர் 22 முதல் வரியும் நூற்றுக்கு 5 என்பதிலிருந்து 18 ஆகிவிடுகிறது.

இவ்விடையூறுகளை வென்றவர்களும் உண்டு. லித்துவேனியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய லேனா பிரையன்ட் என்னும் இளம் விதவை, தையல் இயந்திரம் ஒன்றைக் கொண்டு மகனைக் காப்பாற்றி வந்தார். 1904-ல் நியூயார்க்கில் கடை திறந்து, முதலில் கர்ப்பிணிகளுக்கு உடை தைத்தார். பின்னர் அவரும், பொறியியலாளரான அவர் இரண்டாவது கணவரும் ஆயிரக்கணக்கான பெண்களின் உடலளவுகளைத் திரட்டி, பருத்த உடலிலும் வகைகள் உண்டெனக் கண்டு, அவற்றுக்கேற்பத் தைத்தனர். பிழைக்கப் போன ஊரில் ஒரு பெண் தொடங்கிய அக்கடை பெருநிறுவனமாக வளர்ந்தது. நம் நாட்டிலும் பியூச்சர் குழுமம் "ஆல்" என்ற பெயரில் பெரிய அளவுகளுக்கெனவே கடைகளை நடத்தியது. 2016-ல் மும்பை லாக்மே ஆடைக் காட்சியில், பெரிய அளவு உடைகளைப் பருத்த உடலினரே அணிந்து மேடையேறினர்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. நம் கடைகளின் அளவு அட்டவணைகள் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் அட்டவணைகளைத் தழுவியவை. இக்குறையை நீக்கத் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் "இந்தியா சைஸ்" என்னும் திட்டத்தை 2018-ல் அறிவித்தது. ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளப்பது அதன் ஏற்பாடு. அவ்வாறு நகரங்களுள் நம் ஹைதராபாத்தும் உண்டு.

நாம் செய்யக் கூடியவை யாவை? உடையின் மேலுள்ள எழுத்தை நம்பாமல் மார்பு, இடுப்பு, தோள் ஆகியவற்றின் அங்குல அளவை எழுதி வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுக. பிரித்துத் தைக்க உள்ளே துணி விட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குக. நம் சங்கக் குடும்பங்களில் தையல் அறிந்த மாதர் பலர் உளர். அவர்கள் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சங்கம் தயாரித்தால், அவர்களுக்கும் வருவாய், உடுத்துவோருக்கும் நிம்மதி. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலுள்ள பெண் குழந்தைகளை உடல் பருமன் குறித்துக் கேலி செய்வதை நிறுத்துவோம். இளைக்க வேண்டுமா என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. இளைக்கும் வரை நல்ல உடை உடுத்தாமல் இருக்க முடியுமோ? வரும் பொங்கல் விழாவுக்குள் அப்பட்டியல் உருவாக அன்பர்கள் ஆவன செய்வார்களாக.