நாயர் கடையில் வியட்நாம் மேட்ச்

2024 அக்டோபர் 12, விஜயதசமி சாயங்காலம். முதல் நாள் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு நாயர் கடை பாய்லரில் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. (நாயர் என்பது பட்டம்தான். ஆசாமி சாட்சாத் செங்கம்காரர். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருபது வருஷமாக டீ ஆற்றுகிறார். கேரளாவுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறார், சபரிமலைக்கு!) பாய்லருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆயுதமும் பூஜையில் உட்கார்ந்திருந்தது. நாலைந்து இடத்தில் தோல் உரிந்த ஒரு ஃபுட்பால். அதற்கும் சந்தனம், குங்குமம், தலையில் ஒரு சாமந்திப் பூ.

பந்தின் சொந்தக்காரன் நாயரின் மகன். பிளஸ் ஒன், காமர்ஸ் குரூப். செல்போனை பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு, கிளாஸ் கழுவுகிற சாக்கில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ணா, வியட்நாம்ல வியட்நாம் கூட மேட்ச். ஃபாரூக் செளத்ரி போட்டுட்டாரு. ஒண்ணுக்கு ஒண்ணு!"

"வியட்நாமா?" என்றார் நாயர், டீயை ஒரு முழ உயரத்துக்கு இழுத்தபடி. "சிவாஜி படத்துக்கப்புறம் அந்தப் பேரை இப்பதான் கேக்கறேன்."

மேட்ச் 1-1 என்றே முடிந்தது. பையன் ஜெயித்த மாதிரி குதித்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. 2024 முழுக்க நம் இந்திய டீம் ஒரு மேட்ச் கூட ஜெயிக்கவில்லை. அந்த வருஷத்தில் டிராவே தீபாவளிதான்.

அப்போதுதான் நாயர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "தம்பி, நீ பி.காம். படிச்சவன். பத்திரிகைல வேற எழுதற. எனக்கு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு. இவன் இந்தப் பந்தை ஒதைச்சிக்கினே இருந்தா மாசம் இன்னா வரும்?"

பாக்கி நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார். (என் பாக்கி இருக்கிற பக்கத்தைத் தாண்டித்தான் திருப்பினார். பெரிய மனசு.) நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று எழுதினேன். பையன் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டான்.

முதலில் பெருமையாக ஆரம்பித்தேன். இதே வியட்நாம் கதைதான். 1962, ஜகார்த்தா, ஆசிய விளையாட்டு. செமி ஃபைனலில் நமக்கு எதிரே அப்போதைய தெற்கு வியட்நாம். நம் டிஃபென்டர் ஜர்னயில் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார்கள். நாமாக இருந்தால் மெடிக்கல் லீவ் எழுதிக் கொடுத்திருப்போம். கோச் ரஹீம் அவரை ஃபார்வர்டாகக் கொண்டுபோய் நிறுத்தினார். மனுஷர் அந்தத் தலையோடு ஒரு கோல் போட்டார். சுனி கோஸ்வாமி இரண்டு. 3-2 என்று வியட்நாமை முடித்துவிட்டு, ஃபைனலில் தென்கொரியாவை 2-1 என்று சாய்த்துத் தங்கம். கோலில் நின்றவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் வளர்ந்த பீட்டர் தங்கராஜ். இடது பக்கம் பறந்தவர் துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் பெரு நாட்டுக்கு எதிராக ஒரு கோல் போட்ட டீமில் இருந்தவர் தஞ்சாவூர் சைமன் சுந்தர்ராஜ். ஒலிம்பிக் ஃபுட்பாலில் இந்தியா போட்ட கடைசி கோல் அதுதான். அதற்கப்புறம் நாம் அந்தப் பக்கமே போகவில்லை.

"அதெல்லாம் சரி. தங்கராஜுக்குச் சம்பளம் யார் குடுத்தாங்க?" என்றார் நாயர்.

மிலிட்டரி என்றேன். பி.கே. பானர்ஜிக்கு? ரயில்வே. கோஸ்வாமி? ஸ்டேட் பேங்க்.

"அப்ப எல்லாருக்கும் உத்தியோகம் இருந்துச்சு. பந்து அதுக்கு மேல இனாம். அதைச் சொல்லு!"

டீக்கடைக்காரர்கள் ஆடிட்டர்களாகப் போயிருந்தால் பல கம்பெனிகள் திவாலாகாமல் இருந்திருக்கும்.

உங்களுக்கும் இது தெரிந்த சமாசாரம்தான். உங்கள் ஆபீஸிலேயே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்த ஒருத்தர் இருப்பார். மத்தியானம் மூன்று மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு 'பிராக்டீஸ்' என்று கிளம்புவார். நீங்கள் லெட்ஜரிலிருந்து தலை நிமிர்ந்து பொறாமையோடு பார்ப்பீர்கள். சென்னை லீகில் பல வருஷமாக ஆடி வந்த டீம்களின் பெயர்களைப் பாருங்கள்: இந்தியன் பேங்க், ஐ.சி.எஃப்., இன்கம்டாக்ஸ், கஸ்டம்ஸ். ஃபுட்பால் டீம்களா, போட்டித் தேர்வு விளம்பரமா என்று சந்தேகமே வரும். ஆனால் அந்த முறைதான் நம் ஊர்ப் பையன்களை வாழ வைத்தது. இன்றைக்கும் வைக்கிறது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியப் பெண்கள் அணியின் மிட்ஃபீல்டர். தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் காக்கிச் சட்டையோடு ரோட்டில் டியூட்டி பார்த்தவர்.

"பொண்ணு எஸ்.ஐ.யா? பலே!" என்று நாயர் முதல் முறையாகச் சிரித்தார். வரவுப் பக்கம் ஒரு வரி ஏறியது.

பையன் சும்மா இருப்பானா? "ணா, அது கோட்டா. நான் கேக்கறது புரொஃபஷனல். கான்ட்ராக்ட்!"

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வியாசர்பாடி நந்தகுமார் சேகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரே ஒரு கோல். நாலரை வருஷமாக அந்தப் பரம எதிரியை ஜெயிக்காத கிளப் அது. அன்றைக்குக் கல்கத்தாவில் பாதி ஊர் நம் வியாசர்பாடிப் பையனைத் தோளில் தூக்கியது. காரைக்குடிப் பக்கம் கண்டனூர் சிவசக்தி நாராயணன் 2022 டூரண்ட் ஃபைனலில் பெங்களூருக்காக கோல் போட்டு, அந்த ஐ.எஸ்.எல். சீசனின் வளரும் வீரர் பரிசையும் தட்டிக்கொண்டு வந்தார். இவர்கள் யாரும் மூன்று மணிக்கு ஆபீஸிலிருந்து நழுவுகிறவர்கள் இல்லை. பந்துதான் உத்தியோகம்.

அப்படியானால் வியட்நாம்? அங்கே என்ன செய்தார்கள் என்று அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். இங்கேதான் என் காமர்ஸ் மூளைக்கு ஒரு குட்டு விழுந்தது.

நாம் நேஷனல் ஃபுட்பால் லீக் ஆரம்பித்தது 1996-ல். வியட்நாம் தன் லீகை புரொஃபஷனல் ஆக்கியது 2000-ல். அதாவது கடையை முதலில் திறந்தது நாம்தான்! அவர்கள் ஜனத்தொகை சுமார் 10 கோடி. 2011 கணக்குப்படி தமிழ்நாடு மட்டுமே 7.21 கோடி. ஆக, ஆள் பஞ்சம் என்று சாக்குச் சொல்ல வழியில்லை.

வித்தியாசம் 2007-ல் ஆரம்பிக்கிறது. ப்ளெய்கு என்று ஒரு மலை நகரம். நம் ஊர் மாதிரியே மலை, கிரிவலம்தான் கிடையாது. அங்கே ஹோவாங் ஆன் கியா லாய் என்ற கம்பெனி, லண்டன் ஆர்சனல் கிளப்போடும் ஜே.எம்.ஜி. என்ற பிரெஞ்சுக்காரர்களின் பயிற்சி முறையோடும் கைகோத்து ஓர் அகாடமி கட்டியது. மீசை முளைக்காத பையன்களைப் பொறுக்கியெடுத்து, சோறு, படிப்பு, படுக்கை, பந்து எல்லாம் கம்பெனி செலவு. நம் பாஷையில் சொன்னால் வருஷக்கணக்காக வரவே இல்லாத செலவு. இங்கே எந்த முதலாளியும் மூன்றாவது வருஷமே 'ரிசல்ட் எங்கே?' என்று கோச்சை மாற்றியிருப்பார். 2015-ல் அந்தப் பையன்களைக் கூட்டமாக சீனியர் டீமில் இறக்கினார்கள். அந்த வருஷம் பட்டியலின் அடியில் கிடந்து தத்தளித்தார்கள். அப்போதும் யாரும் கடையை மூடவில்லை.

2018 ஜனவரி 27. சீனாவில் சாங்ஜோ நகரம். 23 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கோப்பையின் ஃபைனல். வியட்நாம், உஸ்பெகிஸ்தான். பனி என்றால் அப்படி ஒரு பனி. ஆட்டத்தை நிறுத்தி வைத்துத் தள்ளினார்கள். வெயில் ஊர்ப் பையன்கள் அந்தப் பனியில் நின்று ஆடினார்கள். குவாங் ஹாய் ஒரு ஃப்ரீ கிக்கை வளைத்து உள்ளே போட்டார். எக்ஸ்ட்ரா டைம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது கோல் வாங்கித் தோற்றார்கள். தோற்ற டீம் ஹனாய் திரும்பியபோது விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர முடியாத அளவுக்கு ஜனம்! அந்த டீமின் கேப்டன் ப்ளெய்கு அகாடமிப் பையன், சுவான் சுவோங்.

யூத் டீம் விஷயத்திலும் பாருங்கள். 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. போட்டியை நடத்துகிற நாடு என்பதால் நமக்கு இடம். மூன்று மேட்சும் தோற்றோம். ஜீக்சன் சிங் போட்ட ஒரு கோல்தான் மிச்சம். அதே 2017-ல் வியட்நாம் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குத் தகுதிப் போட்டியில் ஜெயித்தே போனது. அவர்களும் முதல் சுற்றில் வெளியே வந்தார்கள். ஆனால் ஒருவன் அழைப்பிதழில் கல்யாணத்துக்குப் போகிறான். இன்னொருவன் மண்டபத்துச் சொந்தக்காரன். இரண்டும் ஒன்றாகுமா? 2019 ஆசியக் கோப்பையில் நாம் தாய்லாந்தை 4-1 என்று நொறுக்கிவிட்டு முதல் சுற்றோடு ஊர் திரும்பினோம். வியட்நாம் கால் இறுதி வரை போய் ஜப்பானிடம் ஒரே ஒரு கோலில் தோற்றது.

இதையெல்லாம் மறுநாள் நாயரிடம் ஒப்பித்தேன். அங்கேயும் சாமியார்கள் இல்லை என்பதையும் சொன்னேன். 2005-ல் அவர்களுடைய இளைஞர் டீமிலேயே சில நட்சத்திரங்கள் காசு வாங்கிக்கொண்டு மேட்சைத் திருகி மாட்டிக்கொண்டார்கள். நாயர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, அங்க செலவு கம்பெனி பண்ணுது. இங்க?"

இங்கே அப்பா. வேறென்ன சொல்ல? ஷூ, பஸ், முட்டை, டோர்னமென்ட்டுக்குப் போனால் சாப்பாடு எல்லாம் பாய்லர் பணம். அரசாங்கத்தின் விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. அதில் இடம் கிடைத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். இவன் அதற்கும் ஒரு தடவை போய்க் கடைசிப் பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பியவன். அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டே வீடு வரை வந்தானாம். அப்பா எதுவும் கேட்கவில்லையாம். கேட்காததுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்ததாம்.

நான் மென்று விழுங்கிய ஒரு பெயரும் உண்டு. தஞ்சாவூர் குலோத்துங்கன். 2003-ல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை ஜெயித்த ஈஸ்ட் பெங்கால் டீமில் இருந்த தமிழர். 2018 அக்டோபரில் தஞ்சாவூரில் பைக் விபத்தில் போய்விட்டார். வயது நாற்பதைத்தான் தாண்டியிருந்தது. 'யார் இவர்?' என்று அன்றைக்கு என் நண்பர்களே கேட்டார்கள். கோயம்புத்தூரை வீடாக வைத்து ஆடிய சென்னை சிட்டி, 2018-19-ல் ஈஸ்ட் பெங்காலை ஒரே பாயின்டில் முந்தி ஐ-லீக் சாம்பியன் ஆனது. மூன்று வருஷம் கழித்து அந்த லீகில் அந்த டீமே இல்லை. சாம்பியன் டீமுக்கே அந்தக் கதி என்றால், பதினாறு வயசுப் பையனின் கான்ட்ராக்டை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

நான் எழுதாமல் விட்டதை 2025 எழுதிவிட்டது. ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனை நிறுத்தி வைத்தார்கள். ஃபெடரேஷனுக்கும் லீகை நடத்தும் கம்பெனிக்கும் இடையில் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஆகஸ்டில் பெங்களூர் கிளப் வீரர்களின் சம்பளத்தையே நிறுத்தியது. அந்த வருஷம் முடிகிறவரை லீகில் ஒரு பந்து கூட உருளவில்லை. நாயர் பேப்பரை மடித்து என் முன்னால் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. 'வியட்நாம் வீடு' பிரெஸ்டீஜ் பத்மநாபனுக்காவது ரிடையர் ஆகிற தேதி தெரிந்திருந்தது!

பையன் மூன்று நாள் கடைப் பக்கம் வரவில்லை. நாலாவது நாள் விடிகாலையில் கிரிவலப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தான். பதினாலு கிலோமீட்டர். சாமி கும்பிட நடக்கிறவர்களுக்கு நடுவே, கையில் பந்தோடு.

2025 டிசம்பர் 3, கார்த்திகை தீபம். கடைக்கு வருஷத்திலேயே பெரிய வியாபாரம் அந்த வாரம்தான். ஆறு கை இருந்தாலும் போதாது. சென்னையில் ஒரு டிவிஷன் டீமுக்கு 5-ம் தேதி காலை செலக்ஷன் என்று தகவல் வந்தது. சம்பளம் கிடையாது, படிக்காசும் டிபனும். நாயர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு பையனைக் கூப்பிட்டு, "போய்ட்டு வா. கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அடுத்த வருஷம் பி.காம். அதுல பேச்சே கிடையாது" என்றார்.

4-ம் தேதி ராத்திரி பஸ் ஏற்றிவிட நானும் போனேன். உள்ளே வருகிற பஸ்ஸெல்லாம் படி வரை தொங்க, வெளியே போகிற பஸ்ஸில் முதல் டிரிப்புக்கு ஏழே பேர். பந்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். மலை உச்சியில் தீபம் எரிந்துகொண்டிருந்தது. "அதுக்கும் டிக்கெட் போடவா?" என்று கண்டக்டர் பந்தைக் காட்டிக் கேட்டார். பையன் சிரித்தான். நாயர் சிரிக்கவில்லை, அவனுடைய ஷூ லேஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குத் திரும்பினதும் பாக்கி நோட்டை எடுத்தார். நான் கோடு போட்ட அதே கடைசிப் பக்கம். செலவில் புதிதாக இரண்டு வரி எழுதினார்: 'ஷூ', 'பஸ்'. வரவுப் பக்கத்தில் நான் முன்பு எழுதியதையெல்லாம் ஏற்கெனவே அடித்திருந்தார். 'பொண்ணு எஸ்.ஐ.' என்ற ஒரு வரியை மட்டும் விட்டு வைத்திருந்தார்.

பிறகு நோட்டை முன்பக்கம் திருப்பி என் கணக்கில் விரலை வைத்தார்.

"முந்நூத்தி நாப்பது ரூபா. பையன் வர்றதுக்குள்ள கட்டிடு தம்பி."