பழ ஈயும் பருவமும்

மாம்பழம் பார்வைக்குப் பழுதின்றி இருக்கிறது. அறுத்தால் உள்ளே வெண்புழு நெளிகிறது. கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளின் விவசாயிகள் நன்கறிந்த இத்தீங்கைச் செய்வது பழ ஈ. மருந்து தெளித்தும் இது குறையாதது ஏன் என்று நம்மிடம் பலர் கேட்பதுண்டு.

பெண் ஈ, முற்றிய காயின் தோலுக்கடியில் முட்டையிடுகிறது. ஓரிரு நாட்களில் வெளிவரும் புழுக்கள் சதையைத் தின்று வளர்கின்றன. பழம் உதிர்ந்ததும் புழு மண்ணில் புகுந்து, ஓரிரு அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. ஏறக்குறையப் பத்து நாட்களில் ஈயாகப் பறக்கிறது. பழத்துக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைந்திருக்கும் இவற்றை, மரத்தின்மீது தெளிக்கும் மருந்து எட்டுவதில்லை.

சீதோஷ்ண நிலையும் இதன் பெருக்கத்தை நிர்ணயிக்கிறது. 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பம் இதற்கு மிக உகந்தது. அப்போது ஒரு தலைமுறை ஏறத்தாழ ஒரு மாதத்தில் நிறைவுறும். குளிரில் வளர்ச்சி தாமதமாகும். வறண்ட மண்ணில் கூட்டுப்புழுக்கள் பல மடியும். கோடை மழையால் மண் ஈரமானதும் ஈக்கள் திரளாக வெளிவரும். ஆகவேதான் முன்பருவ ரகங்கள் ஓரளவு தப்ப, ஜூன், ஜூலையில் பழுக்கும் நீலம் பெரிதும் சேதமுறுகிறது.

மா ஓய்ந்தபின் ஈ அழிந்துவிடுவதில்லை. கொய்யா, சப்போட்டா முதலிய பழங்களில் வாழ்ந்து அடுத்த பருவத்திற்குக் காத்திருக்கிறது. கொல்லையில் எடுப்பாரின்றி அழுகும் கொய்யா, அடுத்த ஆண்டு மாந்தோப்புக்குக் கேடாக முடிகிறது.

இந்நஷ்டம் தோப்போடு நிற்பதன்று. பழ ஈயின் காரணமாக 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழ இறக்குமதியைத் தடை செய்தது. 2015ஆம் ஆண்டில்தான் அத்தடை நீங்கியது.

நாம் செய்ய வேண்டியவை எளியவை. உதிர்ந்த பழங்களை அன்றாடம் பொறுக்கி, இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். குப்பையில் எறிந்தால் புழு அங்கேயே வளரும். மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளாலும் அழியும். காய் முற்றுமுன்பே மீத்தைல் யூஜினால் பொறிகளைக் கட்டினால், ஆண் ஈக்கள் அதில் சிக்கி இனப்பெருக்கம் குறையும்.

ஆனால் ஒருவர் மட்டும் செய்தால் பயனில்லை. அடுத்த தோப்பின் ஈயை நம் வேலி தடுக்காது. எனவே ஊராட்சி மன்றங்கள் பொதுக்குழி ஒன்றை அமைக்கலாம். பொது நிலத்து மரங்களின் மகசூலை ஏலம் விடும்போது, உதிர்ந்த பழங்களை அகற்றுவதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் முனைந்தால் பழ ஈயின் பெருக்கத்தை அடக்குவது நம்மால் இயலும்.