ரௌட்டரில் கைவைக்குமுன் உள்ளே யார் இருக்கிறார் என்று பார்ப்பது ஏன்?

ஒரே அடுப்பில் கொதிக்கும் குழம்பில், மாமியார் உப்பிட்டதை அறியாத மருமகளும் ஒரு கை அள்ளிப் போட்டால் என்ன ஆகுமென்பதை வாசகரே, நீங்கள் அறிவீர்கள்.

சிஸ்கோ ரௌட்டரின் நிலையும் அதுவே. இருவர் ஏககாலத்தில் அதனுள் பிரவேசித்தாலும் சாதாரணமாக அது எவரையும் தடுப்பதில்லை. பெரும்பாலான மாதிரிகளில், அவர்கள் இடும் ஒவ்வொரு கட்டளையும், எண்டர் விசையை அழுத்திய க்ஷணமே, ஓடிக்கொண்டிருக்கும் ஒரே அமைப்பில் அமலாகிவிடுகிறது.

அபாயம் எங்கே? மற்றவர் பாதி மாற்றிப் பரீட்சித்துக்கொண்டிருக்கும் வேளையில் நீங்கள் சேமித்தால், உங்கள் மாற்றத்தோடு அவருடைய அரைகுறை வேலையும் நிரந்தர நினைவகத்தில் பதிந்து, தவறினால் ரௌட்டரை அணைத்துப் போட்டுப் பழைய நிலைக்குத் திரும்பலாமென்று அவர் நம்பியிருந்த மார்க்கமே அடைபட்டுப்போகும். இதைவிடப் பெரிய அநியாயம் சக ஊழியருக்குச் செய்ய இயலாது.

எப்படி அறிவது? 'ஷோ யூஸர்ஸ்' என்று கட்டளையிடுங்கள். உள்ளே இருப்பவரின் பெயர், வந்த முகவரி, எவ்வளவு நேரமாய்ச் சும்மா இருக்கிறார் என்பன வரிவரியாகத் தோன்றும். நட்சத்திரக் குறியிட்ட வரி உங்களுடையது.



இன்னொரு பெயரைக் கண்டால், அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.