குதியுயர் காலணிக்கேற்ற காற்சட்டை நீளம்

குதியுயர் காலணிக்கேற்ற காற்சட்டை நீளம் என்பது, பேச்சு வழக்கில் ஹை ஹீல்ஸ் எனப்படும் காலணியுடன் அணியும் முழுக்காற்சட்டையின் கீழ்விளிம்பு எந்த இடத்தில் முடிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் முறையாகும். நீளம் குறைந்தால் காற்சட்டை சுருங்கிப்போனது போலத் தோன்றும். நீளம் கூடினால் விளிம்பு தரையில் இழுபட்டுக் கிழிவதோடு, குதி அதில் சிக்கி அணிந்தவர் விழவும் நேரலாம். மேலும், வெட்டிய துணியை மீண்டும் ஒட்ட முடியாது. ஆகவே கத்தரி வைப்பதற்கு முன்பே நீளத்தைச் சரியாக அறிந்துகொள்வது தேவையாகிறது.

வரலாறு

குதி உயர்ந்த காலணிகளைத் தொடக்கத்தில் பாரசீகக் குதிரை வீரர்கள் அணிந்தனர். அங்கவடியில் கால் வழுக்காமல் நிற்க உயர்ந்த குதி உதவியது. 17ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கம் ஐரோப்பிய ஆண்களிடையே பரவியது. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதி வைத்த காலணிகளை அணிந்தவர். ஊசி போன்ற மெல்லிய குதியுடைய ஸ்டிலெட்டோ காலணி 1950களில் பரவலானது. 1966இல் ஈவ் சான் லோரான் பெண்களுக்கென வடிவமைத்த கோட்டும் காற்சட்டையும் பெரிதும் பேசப்பட்டன. 1970களில் பெல்பாட்டம் காற்சட்டையையும் தடித்த அடித்தளம் கொண்ட காலணியையும் ஆண், பெண் இருபாலாரும் விரும்பி அணிந்தனர். அக்காலத் தமிழ்த் திரைப்படங்களிலும் பெல்பாட்டத்தைக் காணலாம்.

குதி உயரமும் கால் நீளமும்

7 செ.மீ. குதியுள்ள காலணிக்குக் காற்சட்டையும் 7 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும் எனப் பலர் எண்ணுவதுண்டு. இது சரியன்று. குதியுயர் காலணியில் பாதம் சாய்தளம் போல நிற்கிறது. குதிகால் 7 செ.மீ. உயரும்போது விரல் பகுதி ஏறத்தாழத் தரை மட்டத்திலேயே இருக்கிறது. கணுக்கால் இவ்விரண்டுக்கும் இடையில், குதிகாலுக்குச் சற்று முன்னே அமைந்துள்ளதால், அது 7 செ.மீ.க்குக் குறைவாகவே உயரும். எனவே கணக்குப் போட்டுக் கூட்டுவதைவிட, காலணியை அணிந்துகொண்டு அளப்பதே நம்பகமான வழியாகும்.

முன்பகுதியிலும் தடித்த தளம் உள்ள காலணிகளில் இக்கணக்கு மாறும். குதி 10 செ.மீ., முன்தளம் 3 செ.மீ. எனக் கொள்வோம். பாதத்தின் சாய்வு 7 செ.மீ. குதியுள்ள சாதாரணக் காலணிக்குச் சமமானதே. ஆனால் முழுப் பாதமும் 3 செ.மீ. உயர்ந்திருப்பதால், காற்சட்டை அதற்குரியதைவிட 3 செ.மீ. நீளமாக இருக்க வேண்டும்.

காற்சட்டை வகையும் நீளமும்

காற்சட்டையின் கீழ்விளிம்பு எவ்வளவு அகலமோ, அதற்கேற்ப நீளம் மாறுபடும்.

அகன்ற காற்சட்டை, பெல்பாட்டம்: விளிம்பு காலணியின் பெரும்பகுதியை மூடித் தரைக்கு மேலே 1 முதல் 1.5 செ.மீ. உயரத்தில் முடியலாம். குதி வெளியே தெரியாததால் கால் நீண்டு தோன்றும்.

நேர்க்கால் காற்சட்டை: முன்விளிம்பு புறங்காலை இலேசாகத் தொட வேண்டும், பின்விளிம்பு குதியின் மேற்பாதியை மூடலாம். முன்புறம் துணி பல மடிப்புகளாகக் குவிந்தால் நீளம் அதிகம் என்பது பொருள்.

ஒடுங்கிய காற்சட்டை: இதன் விளிம்பு காலணியின் மேல் விரிந்து விழாது. கணுக்கால் எலும்பை ஒட்டியோ அதற்குச் சற்று மேலேயோ முடிவது பொருந்தும்.

குட்டைக் காற்சட்டை: கணுக்காலுக்கு மேலே முடியும் இவ்வகைக்குக் குதி உயரம் ஒரு பொருட்டன்று. தட்டையான செருப்புக்கும் குதியுயர் காலணிக்கும் ஒரே காற்சட்டை போதும்.

அளக்கும் முறை

முதலில் துணியைத் துவைத்துக் காயவைக்க வேண்டும். பருத்தித் துணி சுருங்கக்கூடியது. 80 செ.மீ. நீளமுள்ள கால் நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலும் 2.4 செ.மீ. குறைந்துவிடும்.

பின்னர், அணியப்போகும் காலணியையே அணிந்து, காற்சட்டையை வழக்கமாக நிற்கும் இடுப்பளவில் பொருத்தி, நேராகப் பார்த்து நிற்க வேண்டும். குனிந்து தாமே பார்த்தால் முன்புறத் துணி தொய்ந்து, அளவு பிழையாகும். ஆகவே வேறொருவர் விளிம்பை மடித்து ஊக்குக் குத்துவதே நல்லது. இரு கால்களையும் தனித்தனியே அளக்க வேண்டும். பலருக்கு இவ்விரண்டும் துல்லியமாகச் சமமாக இருப்பதில்லை.

ஊக்குக் குத்திய நிலையில் சில அடிகள் நடந்தும், நாற்காலியில் அமர்ந்தும், ஒரு படி ஏறி இறங்கியும் பார்க்க வேண்டும். அமரும்போது விளிம்பு மேலேறுவது இயல்பு. நடக்கும்போது அது தரையைத் தொட்டால் இன்னும் சிறிது குறைக்க வேண்டும்.

நேர்க்கால் காற்சட்டையில் பின்விளிம்பை முன்விளிம்பைவிட 1 செ.மீ. அளவு தாழ்த்திச் சாய்வாகத் தைப்பதுண்டு. இதனால் முன்புறம் துணி குவியாது. பின்புறம் குதியும் மூடப்படும். வெட்டும்போது 4 செ.மீ. துணியை உள்மடிப்பாக விட்டுவைத்தால், பிற்காலத்தில் தேவைப்படும்போது பிரித்து நீட்டிக்கொள்ளலாம்.

ஒரே காற்சட்டையும் பல காலணிகளும்

உயரமான குதிக்கென நீளமாகத் தைத்த காற்சட்டையைத் தட்டையான செருப்புடன் அணிந்தால் விளிம்பு தரையில் புரளும். தட்டைச் செருப்புக்குத் தைத்ததை உயர்ந்த குதியுடன் அணிந்தால் குட்டையாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவான நீளம் பெரும்பாலும் இரண்டுக்குமே பொருந்துவதில்லை. எனவே அடிக்கடி அணியும் காலணி எதுவோ அதற்கே தைப்பது சிக்கனமானது. குதி உயரத்தில் 1 அல்லது 2 செ.மீ. வேறுபாடு மட்டுமே உள்ள காலணிகளுக்கு ஒரே காற்சட்டை பெரும்பாலும் பொருந்தும்.

பாதுகாப்பு

படியிறங்கும்போதும் பேருந்திலிருந்து இறங்கும்போதும் மெல்லிய குதி பின்விளிம்பில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. விளிம்பில் தையல் பிரிந்து தொங்கும் நூலும் இதே தீங்கைச் செய்யும். அதனை உடனே தைத்துவிட வேண்டும். வழியில் தட்டைச் செருப்பும் அலுவலகத்தில் குதியுயர் காலணியும் அணிபவர்கள், பயணத்தின்போது விளிம்பை உட்புறமாக மடித்து ஊக்குக் குத்திக்கொள்வது பாதுகாப்பானது.

குதியுயர் காலணி அணிவது கட்டாயமாக இருக்கலாமா என்பதும் விவாதத்திற்குள்ளாகியுள்ளது. தட்டையான காலணி அணிந்து வந்ததற்காக இலண்டனில் வரவேற்பாளர் ஒருவர் வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இதையொட்டி 2016இல் தொடங்கப்பட்ட மனுவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். 2017இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் இது விவாதிக்கப்பட்டது. நேர்முகத் தேர்வுக்கோ புதிய பணிக்கோ முதன்முறையாகக் காற்சட்டை தைப்பவர்கள், நாள் முழுவதும் வலியின்றி நடக்கக்கூடிய காலணியை முதலில் தேர்ந்தெடுத்து, அதன் பிறகு காற்சட்டையின் நீளத்தை முடிவு செய்வதே ஏற்ற வரிசையாகும்.