பலகை உடையுமா? எவ்வளவு தொய்யும்?

மாணவர்களே, கால்வாயின் குறுக்கே போடப்பட்ட பலகையில் நடந்திருக்கிறீர்களா? நடுவில் கால் வைத்ததும் அது சற்றுத் தொய்யும். ‘தாங்குமா?’ என்ற பயம் உடனே வரும். பொறியியலாளர்கள் இதை இரண்டு கேள்விகளாகப் பிரிப்பார்கள்: உடையுமா? எவ்வளவு தொய்யும்?

கணக்கிட்டுப் பார்ப்போம். இரு கரைகளுக்கு இடையே 2 மீட்டர். பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர். தடிமன் 4 சென்டிமீட்டர். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நடுவில் நிற்கிறார். அவர் தரும் விசை சுமார் 600 நியூட்டன். பலகையின் சொந்த எடையை விட்டுவிடுவோம். இரு கரைகளும் தலா 300 நியூட்டன் விசையால் பலகையைத் தாங்குகின்றன.

வளைவுத் திருப்புத்திறன்

ஒரு கரையின் விசையை, நடுப்புள்ளி வரையுள்ள தூரத்தால் பெருக்குங்கள்: 300 × 1 = 300 நியூட்டன் மீட்டர். பலகையை வளைக்கும் இந்த விளைவே வளைவுத் திருப்புத்திறன். முனைகளில் அது சுழியம். நடுவில்தான் மிக அதிகம். அங்கே பலகையின் மேற்புறம் அமுங்குகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. இழுவிசை எல்லை மீறினால் பலகை முறியும்.

தொய்வு

தொய்வு = விசை × நீளம்³ ÷ (4 × மீள்மைக் குணகம் × அகலம் × தடிமன்³)

மரத்தின் மீள்மைக் குணகத்தை 1,000 கோடி பாஸ்கல் எனக் கொண்டு, அளவுகளை மீட்டரில் இட்டால், தொய்வு சுமார் 9.4 மில்லிமீட்டர்.

இனி, கால்வாயின் அகலம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்புத்திறன் 2 மடங்காகும். தொய்வோ 8 மடங்காகி, 75 மில்லிமீட்டரைத் தொடும்! நீளத்தின் மும்மடி செய்யும் வேலை இது.

தடிமனுக்கும் அதே மும்மடி உண்டு. 2 மீட்டர் பலகையைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தால் உயரம் 20, அகலம் 4 சென்டிமீட்டர். தொய்வு 25 மடங்கு குறைந்து, 0.4 மில்லிமீட்டருக்கும் கீழே போகும். அதே மரம், அதே எடை! மரவீடுகளில் தரைப்பலகைகளைத் தாங்கும் உத்தரங்களை நிமிர்த்தி வைப்பது இதனால்தான்.

நீங்களும் சோதிக்கலாம். பிளாஸ்டிக் அடிக்கோலை இரு புத்தகங்களின் மேல் வைத்து, நடுவில் விரலால் அழுத்துங்கள். பிறகு அதை நிமிர்த்திப் பிடித்து அழுத்துங்கள். வேறுபாடு விரலுக்கே தெரியும்.

ஒன்றை மறக்காதீர்கள்: இந்தக் கணக்கு நல்ல மரத்துக்கே பொருந்தும். மழையில் ஊறி உளுத்த பலகையில் கால் வைக்காதீர்கள்.