கண்ணில் படாதே... கண்ணில் படு!

வான்கோழின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? மயிலைப் பார்த்து காப்பியடிச்ச பறவைன்னு நம்ம ஊர் பழமொழி அதுக்கு ஒரு கெட்ட பேர் வாங்கிக் கொடுத்திருக்கு. 'சரியான மக்குப் பறவை போல'ன்னு நீங்க நினைச்சிருந்தா... ஸாரி பாஸ், அமெரிக்கக் காட்டில் திரியும் ஒரிஜினல் வான்கோழியை நீங்க சந்திச்சதில்லை!

பண்ணையில் வளர்வது குண்டாக, ஆடி அசைந்து நடக்கும். காட்டு வான்கோழி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கொஞ்ச தூரத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும். ராத்திரியானால் மரத்து மேல் ஏறித் தூங்கும். ஆனா, அதோட நிஜமான ஆயுதம் காலும் இல்லை, றெக்கையும் இல்லை... கண்ணு!

ஒவ்வொரு வசந்த காலத்திலும் அமெரிக்காவில் லட்சக்கணக்கான வேட்டைக்காரர்கள் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, பொழுது விடியறதுக்கு முன்னாடியே காட்டுக்குள் போய் உட்காருவது இந்தக் கண்ணை ஏமாற்றத்தான். எதுக்குள்ளே உட்காருவாங்க? பலருடைய சாய்ஸ், 'கிரவுண்ட் பிளைண்ட்' என்கிற துணிக் கூடாரம். பழைய வேட்டைக் கதைகளில் மரத்து மேல் பரண் கட்டி உட்காருவாங்களே... அதைத் தரைக்கு இறக்கி, நாலு பக்கமும் துணி கட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

'கூடாரத்துக்குள்ளே உட்கார்றதுல என்ன பெரிய வித்தை?'ன்னு கேக்கறீங்களா? இருக்கு. அதுல பாதி ஃபிசிக்ஸ். மீதிப் பாதி, உயிர் சம்பந்தப்பட்ட சமாசாரம். ரெண்டையும் பார்த்துடுவோம்.

அந்தக் கண்ணு இருக்கே!

வான்கோழிக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதனால் தலையைத் திருப்பாமலே சுமார் 270 டிகிரி பார்க்கும். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் 360 டிகிரியும் கவர் ஆயிடும். எக்ஸாம் ஹாலில் இப்படி ஒரு சூப்பர்வைசர் இருந்தா நம்ம கதி என்ன, யோசிச்சுப் பாருங்க!

கலர் விஷயத்திலும் கில்லாடி. மானுக்கு ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் சரியாகப் பிரித்துத் தெரியாது. அதனால் மான் வேட்டைக்குப் போகிறவர் பளீர் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்காரலாம். வான்கோழியிடம் இது நடக்காது. நமக்குத் தெரிகிற நிறங்களோடு, நமக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் அது பார்க்கும். காதும் கூர்மை. மோப்பம் மட்டும்தான் வீக். மான் வேட்டைக்காரர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து உட்காருவார்கள். வான்கோழிக்கு அந்தக் கவலை இல்லை.

ஆக, மொத்த ஆட்டமும் கண்ணோடுதான்.

ரிவர்ஸ் காதல்

இன்னொரு சிக்கலும் உண்டு. காட்டில் என்ன நடக்கும்னா, சேவல் விடியற்காலையில் மரத்தில் இருந்தபடியே 'கபகப'ன்னு கத்தும். ஒன்றரை கிலோமீட்டர் தாண்டிக்கூட அது கேட்கும். அதைக் கேட்டு பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். வேட்டைக்காரர் செய்வது இதற்கு நேர் எதிர். பெட்டை மாதிரி குரல் கொடுத்து, சேவலைத் தன்னிடம் வரவைக்கப் பார்க்கிறார். அதுக்குன்னே மரப்பெட்டியில் மூடியை உரசும் கருவி, கல் பலகையில் குச்சியைத் தேய்க்கும் கருவி, வாய்க்குள் வைத்து ஊதும் சின்ன ரப்பர் தகடு என்று விதவிதமாக இருக்கிறது. முன்னால் ஒரு பெட்டை பொம்மையும் நட்டு வைப்பார்கள்.

சேவலுக்கோ சந்தேகம். 'நான் கூப்பிட்டா அவதானே வரணும்? இவ என்ன என்னைக் கூப்பிடறா?' அதனால் நின்று நின்று, தலையைத் தூக்கி உற்றுப் பார்த்துத்தான் வரும். ஷாட்கன்னுக்கு நம்பகமான தூரம் சுமார் 35 மீட்டர். ஒரு கிலோமீட்டர் நடந்து வந்த சேவல், 60 மீட்டரில் எதையோ பார்த்துவிட்டு யூ டர்ன் அடிச்சுடும். அந்தக் கடைசி 30 மீட்டருக்காகத்தான் இவ்வளவு ஒளிவு மறைவும்.

ஹாஸ்டல் ஜன்னல் தியரி

பிளைண்ட் எப்படி வேலை செய்யுதுன்னு புரிய காட்டுக்குப் போக வேண்டாம். மத்தியானம் ஹாஸ்டலுக்கு வெளியே நின்று, ஒரு ரூம் ஜன்னலைப் பாருங்க. உள்ளே லைட் போடலைன்னா ஜன்னல் வெறும் கறுப்புக் கட்டமாகத் தெரியும். உள்ளே ஆள் இருக்கானான்னே தெரியாது. ஆனா அவனுக்கு உங்களை நல்லாத் தெரியும். இப்போ அதே ரூமில் எதிர்ப்பக்கக் கதவைத் திறக்கச் சொல்லுங்க. அவனுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும். உடனே அவன் உருவம் அச்சு வெச்ச மாதிரி தெரியும்!

அவ்வளவுதான் தியரி. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் பார்ப்பது கஷ்டம். இருட்டுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் நடுவில் நிற்பவன் மாட்டினான்.

இதை வைத்துத்தான் பிளைண்டின் எல்லா ரூல்களும். கூடாரத்துக்கு வெளியே இலை, கிளை டிசைன் இருந்தாலும் உள்பக்கம் முழுக்க கறுப்பாகத்தான் இருக்கும். அதனால் உள்ளே உட்காருபவர் போட வேண்டியது பச்சைக் காமோஃப்ளாஜ் சட்டை இல்லை, கறுப்புச் சட்டை. முகத்துக்கும் கைக்கும் கறுப்புத் துணி, கிளவுஸ். சுடப் போகும் பக்கத்து ஜன்னலை மட்டும் திறந்து, பின்பக்க ஜன்னல்களை மூடிவிட வேண்டும். ஜன்னலை ஒட்டி உட்காராமல் உள்ளே தள்ளி உட்கார வேண்டும். காலைச் சூரியன் முகத்தில் விழாதபடி, முதுகு கிழக்கே பார்க்க கூடாரத்தைப் போட வேண்டும். செல்போன் ஸ்கிரீன் மினுக்கினால்கூட இருட்டு கெட்டுப்போகும். 'ஒரே ஒரு மெசேஜ் மச்சி' எல்லாம் அங்கே நடக்காது!

ஜன்னலில் மெல்லிய வலை கட்டுவதும் உண்டு. அதன் வழியாகவே ஷாட்கன்னால் சுடலாம். வில் வைத்திருப்பவர் மட்டும் அம்பின் முனையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பறக்கும்போது மடங்கியிருந்து, பட்டதும் விரியும் டைப் முனை வலையில் மோதினால் அங்கேயே விரிஞ்சுடும். குறி காலி.

ஆச்சர்யமான விஷயம் ஒன்று. நேற்று இல்லாத கூடாரம் இன்று முளைத்தால் மான் பல நாள் சந்தேகப்படும். வான்கோழி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. வெட்டவெளியில், அன்றைக்குக் காலையில் போட்ட கூடாரத்துக்குப் பக்கத்திலேயே மேயும். அதற்குப் பயம் பொருளைப் பார்த்து இல்லை, அசைவைப் பார்த்து. அதனால்தான் கூடாரத்தின் கயிறுகளை இறுக்கி முளையடிக்கச் சொல்கிறார்கள். காற்றில் துணி படபடத்தால் போச்சு. உள்ளே தரையில் கிடக்கும் சருகையும் முதலிலேயே தள்ளிவிட வேண்டும். காலை நகர்த்தும்போது சரசரன்னு சத்தம் வரக் கூடாதே!

யாருக்கு இது வரம்?

கூடாரம் இல்லாமல் மரத்தில் சாய்ந்து உட்காருபவர் மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது. கூடாரத்துக்குள் கொஞ்சம் அசையலாம். அதனால் இது மூன்று பேருக்குப் பெரிய வரம். வில்லை இழுக்கக் கையை அசைத்தே ஆக வேண்டிய வில்லாளிக்கு. பத்து நிமிஷம் சும்மா இருக்க முடியாத சின்னப் பையனுக்கு. பல மாநிலங்களில் சிறுவர்களுக்கென்றே சீசனுக்கு முன்னால் தனியாக நாள் ஒதுக்குகிறார்கள். மூன்றாவது, வீல்சேரில் இருப்பவருக்கு. மரத்தடியில் சம்மணம் போட முடியாத ஒருவர், வீல்சேரோடு உள்ளே போய் மற்றவர்களைப் போலவே காத்திருக்கலாம். நல்ல டிசைன் என்றால் இதுதான் என்று எங்க டிபார்ட்மென்ட்டில் பாடமே நடத்தலாம்.

போய் வந்த பறவை

இவ்வளவு பேர் சுட்டால் பறவை மிஞ்சுமா? நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் நிஜமாகவே மிஞ்சவில்லை. கட்டுப்பாடில்லாத வேட்டையும் காடழிப்பும் சேர்ந்து, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் இந்தப் பறவையே இல்லாமல் போனது.

1937-ல் பிட்மேன் - ராபர்ட்சன் சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீதான வரிப் பணம் காட்டுயிர்களை மீட்கும் வேலைக்கு என்று ஒதுக்கப்பட்டது. பண்ணையில் வளர்த்த வான்கோழிகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. 1950-களில் பீரங்கி மாதிரி வலையை வீசும் கருவி வந்தது. இருக்கிற இடத்தில் காட்டுப் பறவைகளை உயிரோடு பிடித்து, இல்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். 1973-ல் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டியது. அதன் பிறகு சில பகுதிகளில், முக்கியமாகத் தென்கிழக்கில், மறுபடி குறைந்ததால் அங்கே சீசனையும் எண்ணிக்கையையும் இறுக்கியிருக்கிறார்கள். பொதுவாக வசந்த காலத்தில் சுட அனுமதி ஆண் பறவைக்குத்தான். பெட்டை முட்டையிட்டு அடைகாக்கும் நேரம் அல்லவா?

பறவை திரும்பி வந்தது. கூடவே வேட்டைக்காரர்களும் வந்தார்கள். அங்கேதான் அந்த 'உயிர்' சமாசாரம் ஆரம்பிக்குது.

கூடாரத்துக்கு முதுகில் கண் இல்லை

யோசிச்சுப் பாருங்க. அரசுக் காடு. யார் வேண்டுமானாலும் வரலாம். நீங்க உள்ளே ஒளிஞ்சு, அச்சு அசலாகப் பெட்டை வான்கோழி மாதிரி குரல் கொடுக்கறீங்க. முன்னால் நிஜம் மாதிரியே ஒரு பொம்மை. பின்பக்க ஜன்னலை மூடியாச்சு. அதாவது, பறவைக்கு உங்களைத் தெரியாது. உங்களுக்குப் பின்னால் என்ன நடக்குதுன்னு உங்களுக்கும் தெரியாது. அந்தப் பக்கமாக இன்னொருவர் கையில் துப்பாக்கியோடு வருகிறார். அவர் காதில் விழுவது 'வான்கோழிச் சத்தம்'. கண்ணில் படுவது 'வான்கோழி'. நீங்க எவ்வளவு திறமையா ஒளிஞ்சிருக்கீங்களோ, அவ்வளவு ஆபத்து உங்களுக்கு!

இது கற்பனை பயம் இல்லை. வான்கோழி என்று நினைத்து மனிதனைச் சுடுவது, இந்த வேட்டையில் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து. திறந்தவெளியிலேயே தப்பு நடக்கும். 2006 பிப்ரவரியில் டெக்சாஸில் காடை வேட்டைக்குப் போன அமெரிக்கத் துணை ஜனாதிபதி டிக் செனி, பறவையைக் குறிவைத்துத் திரும்பிச் சுட்டதில், கூட வந்த 78 வயது வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டன் முகத்திலும் மார்பிலும் ரவைகள் பாய்ந்தன. அவர் பிழைத்துக்கொண்டார். இத்தனைக்கும் அவர் போட்டிருந்தது ஆரஞ்சு உடை.

அதனால் வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் ஒளிவதற்குச் சமமாக இதையும் சொல்லித் தருகிறார்கள்...

* சிவப்பு, வெள்ளை, நீலம் போட்டுக்கொண்டு போகாதே. சேவலின் தலை அதே நிறங்கள்தான். கைக்குட்டைகூடக் கூடாது.

* கூடாரத்தின் மேலேயும் பின்னாலும் தெரியும்படி ஆரஞ்சுத் துணி கட்டு. ஒளிய வேண்டியவன் நீ. கூடாரம் இல்லை.

* யாராவது வருவது தெரிந்தால் கையை ஆட்டாதே. வான்கோழிக் குரலும் கொடுக்காதே. மனுஷக் குரலில் சத்தமாக 'இங்கே ஆள் இருக்கேன்' என்று சொல்.

* சத்தம் கேட்ட திசையில் பதுங்கிப் போகாதே. அந்தச் சத்தம் இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம்.

* சுட்ட பறவையையோ பொம்மையையோ தூக்கிக்கொண்டு நடக்கும்போது ஆரஞ்சுத் துணியில் சுற்று.

* முழுசாகப் பார்த்து உறுதி செய்யாமல், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல், விரலை டிரிக்கரில் வைக்காதே.

வான்கோழியின் வால் விசிறியை முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போகும் ஒரு ஸ்டைலும் உண்டு. சேவல் சண்டைக்கு ஓடி வரும். கூடவே அடுத்தவர் தோட்டாவும் வரலாம். அதனால் சில மாநிலங்களில் அரசு நிலத்தில் இதற்குத் தடையே இருக்கிறது.

இரண்டாவது கேள்வி

நம்ம நாட்டில் 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அதனால் துப்பாக்கியை மறந்துடுங்க. ஆனா, பறவைகளைப் போட்டோ எடுக்க கேமராவோடு மறைவிடத்தில் உட்காருகிறவர்களுக்கு அதே ஹாஸ்டல் ஜன்னல் தியரிதான். கறுப்பு உடை, மூடிய பின்பக்கம், அசையாத உடம்பு. செலவில்லாமல் செஞ்சு பார்க்கலாம்.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் ஒன்றுதான். நாம எதையாவது டிசைன் பண்ணும்போது 'இது வேலை செய்யுதா?'ன்னு ஒரு கேள்வியோடு நிறுத்திக்கறோம். கூடாரம் வேலை செய்யுது, பறவைக்குத் தெரியலை, சபாஷ். ஆனா 'வேற யாருக்கெல்லாம் தெரியாமப் போச்சு?' என்பது இரண்டாவது கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்டவர்தான், அவ்வளவு பாடுபட்டு மறைத்த கூடாரத்தின் முதுகில் பளீர்னு ஒரு ஆரஞ்சுத் துணியைக் கட்டுகிறார். சாயங்காலம் பத்திரமா வீட்டுக்கும் வருகிறார்.